பெர்மிட் வாங்கினால் வாசலில் இடம் கிடைத்துவிடுமா?

வாசகர் கேள்விக்குப் பதில் தருபவர்: போக்குவரத்துத் திட்டமிடல் ஆலோசகர்

கடிதம் எழுதிய வாசகியின் பெயரும் ஊரும் இங்கே நீக்கப்பட்டுள்ளன. அவர் எழுதியதன் சுருக்கம் இது.

அவர் வசிக்கும் தெரு சுமார் 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் ஒடுக்கமான நடைபாதை. நாற்பது வீடுகள். ஒரு முனையில் ரயில் நிலையம், மறுமுனையில் மருத்துவமனை. காலையில் ரயில் பிடிக்க வருபவர்கள் காரை இந்தத் தெருவில் விட்டுவிட்டு மாலையில்தான் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன, சில கார்கள் கொஞ்சம் நடைபாதை மேல் ஏறி. சென்ற மாதம் அவருடைய 81 வயது தாயாருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரில் வைத்து அங்குவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்போது குடியிருப்போர் சங்கம், இந்தத் தெருவில் வசிப்பவர்கள் மட்டுமே நிறுத்தும்படி பெர்மிட் திட்டம் கேட்டு மனு தயாரிக்கிறது. வாசகி கையெழுத்துச் சேகரிக்கிறார். மூன்று கார் வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுக்கிறார். சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பெர்மிட் போதும் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். இடையில் இவரே தன் வீட்டு வாசலில் பூந்தொட்டி வைத்து இடம் பிடித்துக்கொள்கிறார். "இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்தால் அடுத்த தெருவில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் கார் விடக் கட்டிய இடம் இப்போது சாமான் அறையாகிவிட்டது" என்றும் எழுதியிருக்கிறார். பணம் கட்டி பெர்மிட் வாங்கினால் இடம் உறுதியா, எதிர்ப்பவரை மீறித் திட்டத்தைக் கொண்டுவரலாமா, வரும் பணத்தைத் தெருவுக்கே செலவழிக்கச் சொல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

அம்மா இப்போது நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று, ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை. இன்னொன்று, உங்கள் காருக்கு இடமில்லை. இரண்டையும் பெர்மிட் தீர்த்துவிடும் என்று நினைக்கிறீர்கள். முதலாவதை அது தொடவே தொடாது. இரண்டாவதைத் தீர்க்குமா என்பது, உங்கள் தெருவில் நிற்கும் கார்கள் யாருடையவை என்பதைப் பொறுத்தது. அதனால் கையெழுத்து வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

ஆம்புலன்ஸ் நுழைய வேண்டுமானால்

கணக்கைப் பாருங்கள். ஒரு சராசரி காரின் அகலம் 1.8 மீட்டர். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் 2 மீட்டர். 6 மீட்டர் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2 மீட்டர் சொச்சம். தீயணைப்பு வண்டியின் உடல் அகலமே ஏறக்குறைய 2.5 மீட்டர். ஆட்கள் இறங்கி, கதவு திறந்து, குழாயை இழுத்து வேலை செய்ய இன்னும் இடம் வேண்டும். பிரிட்டனின் தெரு வடிவமைப்பு வழிகாட்டுதல் தீயணைப்பு வண்டிக்கு 3.7 மீட்டர் வழி கேட்கிறது. குறுகிய தூரத்துக்கு மட்டும் 2.75 மீட்டர் வரை குறையலாம் என்கிறது. உங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கும்வரை இந்த அளவு கிடைக்கவே கிடைக்காது. நடைபாதையில் ஏற்றி நிறுத்துவதால் கிடைக்கும் கொஞ்ச இடத்துக்கு, நடப்பவர்களும் சக்கர நாற்காலியில் போகிறவர்களும் நடுத்தெருவில் இறங்க வேண்டியிருக்கிறது. உங்கள் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் 4 மீட்டர் மிஞ்சும். ஆம்புலன்ஸ் தாராளமாக வரும். தெருமுனைகளிலும் இடம் விட வேண்டும், ஏனென்றால் நீளமான வண்டி திரும்பும்போது மாட்டிக்கொள்வது அங்கேதான். சந்திப்பிலிருந்து 5 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் 10 மீட்டர் விடச் சொல்கிறது.

பெர்மிட் ஒட்டிய காரும் அதே 1.8 மீட்டரைத்தான் அடைக்கும். எனவே ஒரு பக்க நிறுத்தத் தடையையும் முனைத் தடையையும் பெர்மிட் மனுவோடு சேர்க்காதீர்கள். தனி மனுவாக, பாதுகாப்புக் கோரிக்கையாக, இப்போதே கொடுங்கள். ஆம்புலன்ஸ் நின்றுபோன தேதியையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். தெருவின் அகலத்தை நாலைந்து இடங்களில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். தீயணைப்புத் துறைக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் நகல் அனுப்புங்கள். பெர்மிட் திட்டம் கருத்துக் கேட்பு, கட்டணம், எல்லை என்று மாதக்கணக்கில் இழுக்கும். இந்த வேலைக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டிய அவசியமில்லை.

யாருடைய கார்கள் அவை?

வெளியாட்கள்தான் காரணம் என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்களே எழுதிய இன்னொரு வரி எனக்கு உறுத்துகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேலும் உங்களுக்கு இடம் கிடைப்பதில்லை. ரயிலில் போனவர்கள் அதற்குள் திரும்பி வந்து காரை எடுத்திருப்பார்களே. அப்படியானால் இரவில் தெருவை அடைத்து நிற்பவை பெரும்பாலும் தெருக்காரர்களின் கார்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். இரண்டு வேலை நாட்கள், ஒரு விடுமுறை நாள் போதும். அதிகாலை நான்கு மணி வாக்கில் ஒருமுறை, காலை பதினொரு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை தெருவை நடந்து வாருங்கள். ஒவ்வொரு காரின் பதிவெண்ணிலும் கடைசி மூன்று எழுத்துகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே தெருவாசிகளுடையவை. பதினொரு மணிக்குப் புதிதாகத் தென்பட்டு இரவு எண்ணும்போது காணாமல் போனவை வெளியாட்களுடையவை. கணக்கு முடிந்ததும் அந்தக் குறிப்புகளை அழித்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். பகை வளரும், பயன் இருக்காது.

அப்புறம், ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் தெருவில் உண்மையில் எத்தனை கார்களுக்கு இடம் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். 150 மீட்டரில் இரண்டு முனைக்கும் பத்துப் பத்து மீட்டர் போனால் 130. ஒரு பக்கத்தில் எட்டு வீடுகளுக்கு வண்டி நுழையும் வாசல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மூன்றரை மீட்டர் என்று 28 போகும். மிச்சம் 102. வரிசையாக நிற்கும் ஒரு காருக்கு 6 மீட்டர் என்றால் 17 கார்கள். நாற்பது வீடுகள், பதினேழு இடங்கள்.

இந்த எண்ணைச் சங்கக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெர்மிட் வந்தால் இடம் கூடும் என்ற எதிர்பார்ப்பில்தான் பலரும் கையெழுத்துப் போடுவார்கள். திட்டம் வரும்போது நிர்வாகம் கோடு போட்டு இடம் குறிக்கும். நடைபாதையிலும் முனையிலும் எதிர்ப்பக்கத்திலும் நின்ற கார்களுக்கு அந்தக் கோடுகளுக்குள் இடம் இருக்காது. வெளியாட்கள் போன பிறகும் இப்போது நிற்பதைவிடக் குறைவான கார்களே நிற்க முடியும். இதை முன்கூட்டியே சொல்லாமல் திட்டத்தைக் கொண்டுவந்தால், முதல் வாரத்திலேயே அயலார் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

பெர்மிட் தருவது என்ன?

பணம் கட்டினால் இடம் உறுதியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. குறிக்கப்பட்ட இடங்களில் காலியாக இருக்கும் ஒன்றில் நிறுத்தலாம் என்ற அனுமதி அது, அவ்வளவே. பெரும்பாலான திட்டங்களின் விதிமுறைகளில் இது எழுத்திலேயே இருக்கும். பதினேழு இடங்களுக்கு நாற்பது பெர்மிட் கொடுத்தால், பெர்மிட் கையில் இருந்தும் அடுத்த தெருவுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து பூந்தொட்டி. வாசலுக்கு முன்னால் இருக்கும் தெரு நம்முடையது என்ற எண்ணம் எல்லாருக்குமே இயல்பாக வருகிறது, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது பொதுச் சாலை. உங்கள் வீட்டு வண்டி வாசலை மறித்து யாரும் நிறுத்தக் கூடாது என்று கேட்கும் உரிமை பொதுவாக உங்களுக்கு உண்டு. அதற்கு மேல் அந்த இடத்தில் உரிமை கிடையாது. இருட்டில் ஒரு டூவீலர் தொட்டியில் மோதி யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். ஆம்புலன்ஸுக்கு நீங்கள் கேட்கும் அகலத்தில் ஒரு பகுதியை அந்தத் தொட்டிகளே பிடித்துக்கொண்டிருக்கின்றன. மனு கொடுப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

சாமான் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கு வண்டி வாசல் இருப்பதால் அதன் முன் யாரும் நிறுத்துவதில்லை. அதாவது தெருவில் ஓர் இடம் உங்களுக்காக ஏற்கெனவே குறைந்திருக்கிறது. உங்கள் கார் தெருவில் நிற்பதால் இன்னொன்றும் போகிறது. அந்த அறையைக் காலி செய்து காரை உள்ளே விட்டாலே தெருவுக்கு ஓர் இடம் திரும்பக் கிடைக்கும். இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஐந்தாறு வீடுகள் சம்மதித்தால், பதினேழு இடம் உள்ள தெருவில் அது பெரிய எண்ணிக்கை. ஆம்ஸ்டர்டாமில் சொந்த நிறுத்துமிடம் இருக்கும் வீட்டுக்கு அந்த அளவுக்குப் பெர்மிட்டைக் கழித்துவிடுகிறார்கள். நெருக்கடியான பகுதிகளில் பெர்மிட் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்து, காத்திருப்புப் பட்டியல் நடத்துகிறார்கள். ஜப்பான் இன்னும் முன்னாலேயே போய் நிற்கிறது. 1962-ம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் கார் நிறுத்த இடம் இருப்பதைக் காவல்துறையிடம் காட்டிச் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். இரவில் தொடர்ந்து 8 மணி நேரத்துக்கு மேல் சாலையில் விட்டுவைப்பதும் அங்கே குற்றம். எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரின் இருப்பிடத்துக்குப் பொறுப்பு அதை வாங்கியவருடையது என்ற அடிப்படை எனக்கு நியாயமாகவே படுகிறது.

எண்ணி முடித்த பிறகு

பகலில் நிரம்பி, அதிகாலையில் பாதி காலியாக இருந்தால் உங்கள் சந்தேகம் சரி. பெர்மிட் உதவும். அப்போதும் நாள் முழுக்கத் தடை கேட்காதீர்கள். ரயிலில் போகிறவர் காலையில் விட்டு மாலையில் எடுக்கிறார். நண்பகலையொட்டி ஒரு மணி நேரம் மட்டும் பெர்மிட் இல்லாதவர் நிறுத்தக் கூடாது என்று வைத்தாலே அவரால் அங்கே விட்டுப் போக முடியாது. பிரிட்டனில் ரயில் நிலையங்களைச் சுற்றிப் பல இடங்களில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். மற்ற நேரத்தில் உறவினர், பழுதுபார்க்க வருபவர், அம்மாவைப் பார்க்க வரும் செவிலியர் எல்லாரும் தடையில்லாமல் வந்துபோகலாம். முழுநாள் தடை கேட்டு வாங்கிய பிறகு, வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் விருந்தினர் சீட்டு வாங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு அலைச்சல் என்பது பலருக்கும் பின்னால்தான் புரிகிறது.

அதிகாலையிலேயே நிரம்பியிருந்தால் பிரச்சினை உங்கள் நாற்பது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியாட்களைத் தடுக்கும் திட்டத்தால் இரவு நெருக்கடி தீராது. வீட்டுக்கு ஒரு பெர்மிட், இரண்டாவதுக்குக் கூடுதல் கட்டணம், மூன்றாவது கிடையாது என்பது போன்ற வரம்பு இல்லாமல் வழியில்லை. கூடவே மருத்துவமனையின் கார் நிறுத்துமிடம் இரவில் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அவர்களுடைய நெரிசல் பகலில், உங்களுடையது இரவில். மாதக் கட்டணத்துக்கு இரவு மட்டும் இருபது இடம் கேட்டுப் பேச முடிந்தால், வேறெந்த ஏற்பாட்டையும்விட அது சீக்கிரம் பலன் தரும்.

எந்த நிலையிலும் பெர்மிட்டின் எல்லையை உங்கள் தெருவோடு மட்டும் நிறுத்தக் கேட்காதீர்கள். நீரோட்டத்தை ஓர் இடத்தில் அணை போட்டால் பக்கத்து வாய்க்காலில் ஏறுவது போல, ரயில் நிலையக் கார்கள் அடுத்த தெருவுக்கு நகரும். அவர்கள் ஒரு வருடத்தில் தங்களுக்கும் திட்டம் கேட்பார்கள், அதற்கடுத்த தெரு அதற்குப் பிறகு. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள தெருக்களை ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது நல்லது. இரவில் நீங்கள் நிறுத்தப் போவதும் அந்த அடுத்த தெருவில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாடகைக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர், கட்டணம்

சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பெர்மிட் என்ற யோசனையைத் தயவுசெய்து நீங்களே எழுந்து எதிர்த்துப் பேசுங்கள். இது குடியிருப்போருக்கான திட்டம், வீட்டு உரிமையாளர்களுக்கான சலுகை ஆகாது. வெளியாட்களுக்குத் தடை போடலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. விர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 5 வரை குடியிருப்புத் தெருக்களில் வெளியாட்கள் நிறுத்தக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். அது பாகுபாடு என்று வழக்கு. 1977-ல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. வெளி வாகனங்களைக் குறைத்தால் சத்தம், விபத்து அபாயம், குப்பை ஆகியவை குறைந்து அங்கே வாழ்க்கைத் தரம் உயரும் என்பது நியாயமான காரணமே என்றது. அந்தக் காரணம் வசிப்பவர், வசிக்காதவர் என்ற வேறுபாட்டில் நிற்கிறது. வாடகைக்கு இருப்பவரும் அங்கேதான் வசிக்கிறார். அவரை விலக்கினால் உங்கள் கோரிக்கையின் அடித்தளமே ஆட்டம் காணும்.

எதிர்வீட்டுக்காரரை மீறித் திட்டத்தைக் கொண்டுவர முடியும். ஒருவர் மறுத்தால் நின்றுபோகும் என்று எங்கும் பொதுவாக விதி இல்லை, பெரும்பான்மைக் கருத்தைத்தான் நிர்வாகங்கள் பார்க்கின்றன. ஆனாலும் கூட்டத்தில் வைத்து அவரை மடக்காதீர்கள். தனியாகப் போய்ப் பேசுங்கள். மூன்று கார் யார் யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். வேலைக்கு அலைகிற பிள்ளைகளின் கார்களாக இருக்கலாம். முதல் ஆண்டு இரண்டு பெர்மிட், மூன்றாவது காருக்கு மருத்துவமனை இடத்தில் முன்னுரிமை என்று ஏதாவது ஒரு வழியோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அவர் திட்டத்தை எதிர்க்கவில்லை, இழக்கப் போவதை நினைத்துப் பயப்படுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டணப் பணம் பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். லண்டனின் பார்னெட் பகுதி நிர்வாகம் பெர்மிட் கட்டணத்தை ஆண்டுக்கு 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தினர் சீட்டை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் ஒரேயடியாக உயர்த்தியது. குடியிருப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். மற்றச் சாலைச் செலவுகளுக்காக உபரி வருமானம் சேர்க்கும் நோக்கத்தில் கட்டணத்தை உயர்த்த அங்குள்ள சாலைப் போக்குவரத்துச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று 2013-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் நகர நிர்வாகத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: கட்டணம் எதன் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது, திட்டச் செலவு போக மிஞ்சுவது எங்கே போகிறது? சட்டம் இடம் கொடுத்தால், அதை நடைபாதை பழுதுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

நெரிசல் குறையுமா?

நகரப் போக்குவரத்தில் 30 சதவீதம் பார்க்கிங் தேடி அலைபவர்களால் வருகிறது என்று மனுவில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். நிறுத்துமிடப் பொருளாதாரத்தை ஆராய்ந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப் 1927 முதல் 2001 வரை நடந்த 16 ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்த சராசரி அது. கூட்டம் மிகுந்த கடைவீதிப் பகுதிகளில், தேடி அலைவது அதிகம் என்று தெரிந்த இடங்களில்தான் அந்த ஆய்வுகள் நடந்தன. உங்கள் தெருவுக்கு அது பொருந்தாது. அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டால் மனு முழுவதுமே பலவீனமாகிவிடும். நீங்களே எண்ணிய எண்கள் அதைவிட வலுவானவை.

ஓடும் வண்டிகளின் நெரிசல் தனி விஷயம். உங்கள் தெரு ரயில் நிலையத்தையும் மருத்துவமனையையும் இணைக்கிறது. ஒரு பக்கம் காலியானதும் தெரு அகலமாகத் தெரியும், குறுக்கு வழியாகப் பயன்படுத்துபவர்கள் இன்னும் வேகமாக வருவார்கள். ஒருவழிப் பாதை ஆக்கினால் எதிர்வண்டித் தொல்லை இருக்காது, ஆனால் எதிரே யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் வேகம் கூடும். அதனால் ஒரு பக்க நிறுத்தத்தை நேர்கோடாக வைக்காமல், பாதித் தெருவுக்கு இடப்பக்கம், பாதிக்கு வலப்பக்கம் என்று மாற்றி வைக்கக் கேளுங்கள். வண்டி வளைந்துதான் போக வேண்டும், வேகம் தானாகக் குறையும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் திரும்பிப் போகும் அளவுக்கு அந்த வளைவில் இடம் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பொறியாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, நிரந்தரத் திட்டம் வேண்டாம், சோதனைத் திட்டம் கேளுங்கள். பிரிட்டனில் சோதனை உத்தரவு 18 மாதம் வரை நடக்கலாம், அதற்குள் மக்கள் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். மறுஆய்வுத் தேதி உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இப்போது எண்ணிய அதே நேரங்களில், அதே முறையில், அடுத்த தெருவையும் சேர்த்து அப்போது மறுபடி எண்ணுங்கள். அம்மாவுக்கு மாற்றுத்திறனாளிச் சலுகைக்குத் தகுதி இருந்தால் வாசலருகே அதற்கான இடம் குறிக்கவும் இதே மனுவில் கேட்கலாம். பல ஊர்களில் அப்படிக் குறித்த இடத்தை மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருக்கும் எவரும் பயன்படுத்தலாம் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.